குளங்களுக்கு மேலே ஒரு கோடு

நான் வேலை செய்வது நீர்ப்பாசன அலுவலகத்தில். காலை எட்டரைக்கு ஒவ்வொரு குளக்கட்டிலிருந்தும் போன் எடுத்து அன்றைய நீர்மட்டத்தைச் சொல்வார்கள். நான் அதைக் கணினியில் ஷீட்டில் பதிவேன். ஒரு குளத்துக்கு ஒரு நிரை. நிரையின் கடைசிக் கட்டத்துக்குள், விரல் நகம் அளவில், கடந்த ஏழு நாளில் தண்ணீர் ஏறி இறங்கியதை ஒரு சின்னக் கோடு காட்டும். முன்பெல்லாம் இதற்காகப் பக்கம் பக்கமாக வரைபடம் போட்டேன். யாரும் அதைப் பார்த்ததில்லை. கோட்டைக் கட்டத்துக்குள்ளேயே அடக்கலாம் என்று காட்டித் தந்தவள் என் மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் ஒருமுறை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிய படம் என்னத்துக்கு வாப்பா? தண்ணி ஏறுதா இறங்குதா எண்டுதானே பாக்கப் போறாங்க," என்றாள்.

இப்போது அந்த ஷீட்டின் முதல் நிரையில் குளம் இல்லை. பெயர் எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஓர் எண், ஒரு நேரம், ஒரு கோடு. மேலிடத்துக்கு அனுப்பும்போது மட்டும் அந்த நிரையை மறைத்துவிடுவேன்.

என் மேசைக்கு எதிரே தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் இருக்கிறார். தம்பிலுவில்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் சும்மா இருக்காது. அந்த நிரை வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"இது எந்தக் குளம் சேர்? ஒரு நாளில இவ்வளவு இறங்கினா கட்டு உடைஞ்சிருக்கோணுமே."

"அது என்ட மகள்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அடுத்த நாளிலிருந்து அவரே கேட்கத் தொடங்கினார். "பெரிய குளம் எப்பிடி சேர்?" நான் நூற்றிப்பதினைந்து என்பேன். "அப்ப பயமில்ல. தேத்தண்ணி குடிப்பம்."

மகளுக்குச் சீனி வருத்தம் வந்தது பதின்மூன்று வயதில். வயது போனவர்களுக்கு வருகிற வகை அல்ல. நாளுக்கு நான்கு தரம் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய வகை. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் விரலைக் குத்தி மெசினில் பார்த்து எண்ணை எழுத வேண்டும். தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்றில் நான் கோடு போட்டுக் கொடுப்பேன், அவள் எழுதுவாள். நிரல்களுக்கு மேலே என் கையெழுத்தில் காலை, பகல், பின்னேரம், படுக்கப் போகுமுன். அப்படி ஐந்து கொப்பிகள் முடிந்தன. பிறகு அவள் எல்லாவற்றையும் போனில் ஒரு ஷீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். கொப்பிகள் அலுமாரியில் இருக்கின்றன. அவளுடைய உம்மா எறிய விடவில்லை.

பல்கலைக்கழகம் மலைநாட்டில் கிடைத்தது. விடுதியின் மூன்றாம் மாடியில், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரோடு ஓர் அறை. போய் ஆறாவது வாரம், ஒரு காலை, அறைத்தோழி எனக்குப் போன் எடுத்தாள். "அங்கிள், பயப்பட வேணாம்," என்றுதான் அந்தப் பிள்ளை தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் முதல் தடவையில் எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை மனைவி போனைப் பறித்துக் கேட்டாள். மகள் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தியிருக்கிறாள். சீனி இறங்கிக் குளியலறை வாசலில் விழுந்து கிடந்திருக்கிறாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் மூன்று தையல். "ஒண்டுமில்ல வாப்பா," என்று சிரித்தாள். நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து போன் அடித்தால், திரையைப் பார்க்குமுன்பே எழுந்து நின்றுவிடுவேன். மாட்டுத்தீன் கடைக்காரன் எடுத்தாலும் அப்படித்தான். இன்றும் அது போகவில்லை.

அடுத்த விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"உன்ட ஷீட்ட எனக்குத் தா மகள். நான் ஒண்டும் செல்ல மாட்டன். பாத்துட்டு இரிப்பன்."

"பாத்துட்டு இரிக்க மாட்டீங்க. பாத்துட்டு போன் எடுப்பீங்க."

"எடுத்தா என்ன?"

"நான் உங்கட குளம் இல்ல வாப்பா, காலமையில மட்டம் செல்றதுக்கு."

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவள்ட ஷீட்டுல அவள்ட சொந்த விசயமும் கிடக்கு. எல்லாத்தையும் வாப்பாமாருக்குக் காட்டுறதில்ல." எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாதத்தில் சில நாட்கள் சீனி தாறுமாறாக ஏறும்; டொக்டர் அந்த நாட்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நான் எழுந்து கோழிக்கூட்டைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மகள் சாப்பாட்டு மேசையில் என் கணினியையும் தன் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தாள். "வாங்க. முழுசா தர மாட்டன். உங்கட ஷீட்டுக்குள்ள ஒரு ஜன்னல் போட்டுத் தாறன்."

ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொரு ஷீட்டுக்குள் இழுத்துவர ஒரு கட்டளை உண்டு. முதல் ஷீட்டில் எண் மாறினால் மற்றதிலும் தானாக மாறும். ஆனால் அவள் தன் ஷீட்டை நேராக என்னோடு இணைக்கவில்லை. நடுவில் இன்னொரு சின்ன ஷீட் செய்தாள். பெரிய ஷீட்டில் இருந்து அந்தச் சின்னதுக்கு வருவது எண்களும் அவற்றின் நேரமும் மட்டும், அதுவும் ஏழு நாளைக்கு உரியவை. அந்தச் சின்னதைத்தான் எனக்குத் திறந்தாள். என் ஷீட் அதிலிருந்து கடைசி எண்ணையும் நேரத்தையும் எடுத்து, மிச்சத்தை ஒரு கோடாகச் சுருக்கிக் கட்டத்துக்குள் வைத்துக்கொள்ளும். எழுபதுக்குக் கீழே போனால் கட்டம் சிவக்கும். ஏழு நாள், ஒரு பிள்ளையின் இருபத்தெட்டுக் குத்தல்கள், என் சுண்டுவிரல் அகலத்தில்.

"உங்கட பாசையிலயே செல்றன்," என்றாள். "பெரிய குளத்தில இருந்து நேரா வயலுக்கு வெட்டுவீங்களா? நடுவுல ஒரு மதகு. மதகு என்ட பக்கம்."

"சரி."

"இன்னும் ஒண்டு. என்ன கண்டாலும் எனக்குத்தான் எடுக்கோணும். என்ட கூட்டாளிமாருக்கு எடுக்கப்படாது. வார்டனுக்கு எடுக்கவே படாது. ஒருக்கா எடுத்தீங்க எண்டா அண்டைக்கே மூடிடுவன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விழுந்த பிறகு வார்டன் அவளை அழைத்து, இன்னொரு தரம் ஏதும் நடந்தால் கீழ்மாடியில் தன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் நோயாளர் அறைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார். தனி அறை, ஒரு கட்டில். மகள் எங்களிடம் அதைச் சொன்னபோது கண் கலங்கியது அந்த ஒரு தரம்தான். ஊசிக்கு அழாத பிள்ளை.

நான் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் வாக்கைக் காப்பாற்றினேன். ஒரு தரம் கட்டம் சிவந்தது, அறுபத்திநாலு. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுத்தேன். இருபது நிமிடத்தில் தொண்ணூற்றாறு வந்தது. எதிர் மேசைக்காரர் எழுந்து வந்து, "நிரம்பிட்டு சேர், கையை எடுங்க, கதிரை உடையப் போகுது," என்றார்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. மகளுக்கு நோன்பு இல்லை. பிடிக்கக்கூடாது என்று டொக்டர் வருத்தம் வந்த வருடமே சொல்லிவிட்டார். பிறை கண்ட அன்று அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம். "உம்மா, பிறை கண்டாச்சாம். இஞ்ச ஒரே கொண்டாட்டம்." அவ்வளவுதான்.

முதலாம் நோன்பு வேலை நாள். காலை எட்டரைக்கு ஷீட்டைத் திறந்தேன். முதல் நிரையில்: எழுபத்தெட்டு, நேற்று மாலை 5.10. கோடு கீழ்நோக்கி இறங்கி, அங்கே நின்றிருந்தது. படுக்கப் போகுமுன் பார்த்த எண் இல்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு மற்றப் பிள்ளைகளோடு எழும்பிவிட்டுத் தூங்குகிறாளாக்கும் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கும் எழுபத்தெட்டு. பத்தரைக்கும் எழுபத்தெட்டு. போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே போனது. பதினொன்றே முக்காலுக்கு இன்னொரு தரம். குளங்கள் எல்லாம் எண் சொல்லிவிட்டன. என் பிள்ளை மட்டும் நேற்றுப் பின்னேரத்திலேயே நின்றிருந்தாள்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. யாருக்கும் சொல்லாமல் நோன்பு பிடித்திருக்கிறாள். எழுபத்தெட்டில் படுத்து, ஸஹருக்கு ஏதோ கொஞ்சம் தின்று, இப்போது அந்தக் குளியலறை வாசலில்.

வார்டனின் இலக்கம் என் போனில் இருந்தது. எடுத்தேன். என் சிங்களம் அலுவலகச் சிங்களம். கடிதத்துக்குச் சரிவரும், நடுங்குகிற வாய்க்குச் சரிவராது. எதையோ சொன்னேன். அவர் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் எதிர் மேசைக்காரரிடம் "போறன்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "திறப்பை மேசையில வைச்சிட்டுப் போறீங்க சேர்," என்று கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

மனைவி ஆசிரியை; நோன்பு மாதம் பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் கஞ்சிக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள், விசயத்தைக் கேட்டு, "கொஞ்சம் பொறுங்களன், வகுப்புல இரிப்பாள்," என்றாள். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே அபாயாவை எடுத்து மாட்டினாள்.

அம்பாறை தாண்டி, உஹன தாண்டி, காடு தொடங்கும் இடங்களில் போனில் சிக்னல் போய்ப் போய் வந்தது. மனைவி உதட்டுக்குள் பிரார்த்தித்துக்கொண்டே வந்தாள். மஹா ஓயா சந்தியில் போன் அடித்தது. திரையில் மகளின் பெயர். நான் காரை ஓரமாக நிறுத்தினேன், ஆனால் போனை எடுக்கவில்லை. வேறு யாராவது அவளுடைய போனில் பேசப்போகிறார்கள் என்ற பயம். மனைவி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வார்டனுக்கு எடுத்தீங்களா வாப்பா?"

அது அவளுடைய குரல்தான். நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன்.

"ஆய்வுகூடத்துக்குள்ள ஆள் வந்து என்ட பேரைச் செல்லிக் கூப்பிட்டு, எல்லாரும் பாத்து, நான் என்னவோ ஏதோ எண்டு ஓடி வந்தன். உங்களுக்குத்தான் ஏதோ எண்டு நினைச்சன். காலமையில இருந்து போன் பேக்குல கிடந்த."

"எழுபத்தெட்டுல நிண்டுட்டு மகள்."

"எது?"

"கோடு."

கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்க நிக்கிறீங்க?" என்றாள்.

"மஹா ஓயாவில."

"யா அல்லாஹ்," என்றாள், மெதுவாக. "நோன்போடயா? அப்ப திரும்பிப் போகாதீங்க. நோன்பு திறக்க இஞ்ச வாங்க. பையப் பைய வாங்க. உம்மா, ஓட விடாதீங்க அவர."

மலைப்பாதையின் பதினெட்டு வளைவையும் நான் அவ்வளவு மெதுவாக ஏறியது அந்த ஒரு நாள்தான்.

விடுதி வாசலில் மகள் நின்றிருந்தாள், கையில் ஒரு கஞ்சி வாளியோடு. பக்கத்துப் பள்ளிவாசலில் வாங்கியிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. உம்மாவைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு, "முதல்ல வார்டன்ட போவம்," என்றாள்.

வார்டன் ஐம்பது வயதுப் பெண். இந்த முறை சிங்களம் ஒழுங்காக வந்தது. பிழை என்னுடையது, பிள்ளைக்கு எதுவும் இல்லை, நான் பார்த்த எண் பழைய எண் என்று சொன்னேன். அவளை அவளுடைய அறையிலேயே விடுங்கள் என்று கேட்டேன். மகள் தன் போனை நீட்டி அன்றைய எண்களை அவருக்குக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்காக நான் என் மருந்துகூடக் குடிப்பதில்லை," என்று சொல்லிவிட்டு, நேரமாகிறது, போய் நோன்பு திறங்கள் என்றார். அறையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் வெளியே வந்து மூச்சை விட்டாள்.

அப்படியானால் எண்கள் இருந்திருக்கின்றன. என் ஜன்னலுக்குத்தான் வரவில்லை.

வாசலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு சீமெந்து வாங்கு; அதில் உட்கார்ந்தோம். பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்தோம். மகளும் எங்களோடு சேர்ந்து, பாங்கு சொல்லும்வரை பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் காத்திருந்தாள். பாங்கு சொன்னதும் எங்களோடு வாயில் போட்டாள்.

"நீ நோன்பா?" என்றேன்.

"இல்ல வாப்பா. பகல் சோறு திண்டன். அதுக்காக இதையும் விடோணுமா?"

பிறகு போனைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். அவளுடைய ஷீட்டில் புதிதாக ஒரு தாள் சேர்ந்திருந்தது. நிரல்களுக்கு மேலே மஃரிப், இஷா, ஸஹர், லுஹர், அஸர். முதல் நிரையில் திகதி இல்லை. "முதலாம் நோன்பு" என்று எழுதியிருந்தாள். பிறைக் கணக்கில் நாள் அந்தியில் தொடங்குவதால் முதல் எண் நேற்று மஃரிபுக்கு உரியது: நூற்றிமுப்பத்திரண்டு. இஷா, நூற்றிப்பத்து. ஸஹர், நூற்றிநாலு. லுஹர், நூற்றிப்பதினெட்டு. அஸர், தொண்ணூற்றெட்டு. எல்லாம் இருந்தன. ஜன்னலோ பழைய தாளில் திகதியைத் தேடிக்கொண்டு, பிறை காண்பதற்கு முன்பே நின்றுவிட்டது.

"ஏன் மாத்தின?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்கதானே வாப்பா அப்பிடிப் போடுவீங்க. கொப்பியில."

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஓம், நான்தான். அவளுக்கு வருத்தம் வந்த முதல் வருடம், நோன்பு பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து பாயில் முகத்தைக் கவிழ்த்துப் படுத்துவிட்டாள். அதற்கு முந்திய வருடம்தான் முப்பதையும் பிடித்திருந்தாள். பிறை கண்ட மஃரிபுக்கு அவளுடைய கொப்பியை எடுத்து, புதிய பக்கம் திருப்பி, காலை பகல் என்ற தலைப்புகளை விட்டுவிட்டு ஸஹரையும் தொழுகை நேரங்களையும் எழுதினேன். பக்கவாட்டில் முதலாம் நோன்பு, இரண்டாம் நோன்பு என்று முப்பதுவரை இட்டேன். நீயும் எங்களோடு எண்ணிக்கையில் இருக்கிறாய் என்று சொன்னதாக நினைவு. அவள் எழுந்து முதல் கட்டத்தில் எண்ணை எழுதினாள். கொப்பி இருந்த வருடமெல்லாம் அப்படித்தான் செய்தோம். நான் அதை மறந்துவிட்டேன். அவள் பிறை காணும் மாலை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

மனைவி என் முழங்கையைத் தொட்டாள். "குடிங்க. தலையிடிதானே?"

"நோன்பு," என்றேன்.

"நோன்பில்ல. பிரஷர். குளிசை முடிஞ்சி ரெண்டு மாசம். கிளினிக்குப் போ எண்டா நேரமில்ல எண்டு செல்றார். காலமை முழுக்க உன்ட கோட்டத்தான் பாத்துட்டு இரிக்கார்."

மகள் போனை மூடி மடியில் வைத்தாள். நான் தீர்ப்பைக் கேட்கத் தயாரானேன். அன்றைக்கே மூடிவிடுவேன் என்று சொன்ன பிள்ளை, சொன்னதைச் செய்கிறவள்.

"மூடப் போறியா மகள்?"

"மூடோணும்தான். எவ்வளவு வெக்கம் தெரியுமா இண்டைக்கு." போனை மறுபடி கையில் எடுத்து, "என்ட சீனிய நீங்க பாக்கலாம். உங்கட பிரஷர நான் பாக்கப்படாதா?" என்றாள்.

"அது வேற."

"என்ன வேற? நீங்க மஹா ஓயாவில மயங்கி விழுந்திருந்தா எனக்கு எந்தக் கோடு காட்டியிருக்கும்?"

அவள் அதே வாங்கில் உட்கார்ந்து, கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, இரண்டு வேலை செய்தாள். முதலில், என் ஜன்னல் நோன்புத் தாளையும் பார்க்கும்படி மாற்றினாள். எழுபத்தெட்டு மறைந்து தொண்ணூற்றெட்டு வந்தது. கோடு சட்டென்று மேலே எழுந்து நின்றது. அடுத்து, என் பெயரில் ஒரு சின்ன ஷீட்டைத் திறந்து, இரண்டே நிரல் போட்டு, அதைத் தன் ஷீட்டின் முதல் நிரைக்கு இழுத்தாள். இப்போதைக்கு அங்கே வெறும் கட்டம்.

"ஒவ்வொரு காலமையும் மெசின்ல பாத்துப் போடோணும். உண்மையான எண். போடாட்டி உங்கட ஜன்னல் அண்டைக்குத் திறக்காது. மதகு என்ட பக்கம் எண்டு தெரியும்தானே."

அது நடந்து ஐந்து மாதமாகிறது. அவள் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறாள். நான் கிளினிக்குப் போகிறேன், குளிசை போடுகிறேன். பயம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. தீரவில்லை. போன் அடித்தால் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆனால் என்னை நினைத்தும் ஓர் ஆள் தினமும் காலையில் ஒரு கட்டத்தைத் திறந்து பார்க்கிறாள் என்பது ஒரு மாதிரியான ஆறுதல்.

போன கிழமை ஒரு காலை என் பிரஷர் நூற்றி ஐம்பத்தெட்டு வந்தது. போடாமல் விடலாமா என்று யோசித்தேன். போட்டேன். அலுவலகத்துக்கு வந்து மூன்று குளம் பதிவதற்குள் போன் அடித்தது.

"நேத்து கருவாடா வாப்பா?"

"கொஞ்சம்."

"ஒலுவில் கருவாடா?"

"ஓம்."

"உங்களுக்கு முன்னால இரிக்கிற அங்கிளிட்டக் குடுங்க போன."

"கூட்டாளிமாருக்கு எடுக்கப்படாது எண்டு நீதானே செல்லியிருந்த."

"அது உங்களுக்குப் போட்ட சட்டம்."

போனைக் கொடுத்தேன். எதிர் மேசைக்காரர் எழுந்து நின்று கேட்டார். "ஓம் மகள். ஓம். நான் பாக்கிறன்." போனைத் திருப்பித் தந்துவிட்டு, என் மேசை லாச்சியை இழுத்து, காரக்கடலைப் பொதியை எடுத்துத் தன் மேசைக்குக் கொண்டுபோனார்.

"பெரிய குளத்தில இருந்து உத்தரவு சேர்," என்று சொல்லிக்கொண்டே இரண்டு கடலையை வாயில் போட்டார். நான் நாலாவது குளத்தின் எண்ணை அடித்தேன்.